லைம் நோய்க்கு அனுபவமுள்ள டாக்டர்: நியூ ஜெர்சியில் எப்படித் தேடுவது?

ஜூன் 8, 2024, இரவு 9.40 · எடிசன்வாசி

மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு 67 வயது. பின்தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தடிப்பு, ஐந்து நாளாகப் பரவுகிறது. அரிப்பில்லை, லேசாகக் காய்ச்சல். அர்ஜன்ட் கேரில் (முன்பதிவில்லாமல் போகும் கிளினிக்) ரத்தம் எடுத்துப் பார்த்து லைம் நெகட்டிவ், ஏதோ பூச்சிக்கடி என்று களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தெரிந்தவர்கள் ‘லைம் லிட்டரேட்’ டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள். முதல் சந்திப்புக்கே ஆயிரம் டாலருக்கு மேல், இன்ஷூரன்ஸும் எடுக்க மாட்டாராம். லைமுக்கென்று தனி ஸ்பெஷலிஸ்ட் உண்டா?

ஜூன் 8, 2024, இரவு 10.25 · உண்ணிக்குறிப்பு

ஸ்பெஷலிஸ்ட் தேடி நாளைக் கடத்தாதீர்கள். ஜூன் மாதம், நியூ ஜெர்சி, அரிப்பில்லாமல் நாளுக்கு நாள் விரியும் தடிப்பு, கூடவே காய்ச்சல். லைம் என்பது உண்ணி கடித்துப் பரவும் கிருமித் தொற்று, அதன் முதல் அடையாளமான இந்தத் தடிப்புக்கு எரிதீமா மைக்ரான்ஸ் என்று பெயர். கடித்த 3 முதல் 30 நாளுக்குள் வரும், பெரும்பாலும் ஒரு வாரத்தில். 5 செ.மீ.க்கு மேல் விரிந்தாலே சந்தேகப்பட வேண்டும். உள்ளங்கை அகலம் என்கிறீர்கள்.

இந்தக் கட்டத்தில் ரத்தப் பரிசோதனைக்கு வேலையே இல்லை. அது கிருமியைத் தேடுவதில்லை, உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது தேறிவரச் சில வாரம் ஆகும். தடிப்பு இருக்கும்போது வந்த நெகட்டிவுக்கு அர்த்தம் கிடையாது. தடிப்பைக் கண்ணால் பார்த்தே மருந்தைத் தொடங்கு என்பதுதான் 2020-இல் வந்த வழிகாட்டி. தொற்றுநோய், நரம்பியல், மூட்டுநோய் மருத்துவர்களின் மூன்று சங்கங்களும் சேர்ந்து போட்டது அது.

நாளை ஞாயிறு. குடும்ப டாக்டர் இருக்க மாட்டார், இன்னொரு அர்ஜன்ட் கேர் போதும். போவதற்கு முன் தடிப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு, பக்கத்தில் தேதி எழுதி, ஒரு குவார்ட்டர் நாணயத்தை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கோட்டைத் தாண்டி விரிந்திருந்தால் அதுவே சாட்சி. டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “இது எரிதீமா மைக்ரான்ஸ் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?”

மயக்கம், நெஞ்சு படபடப்பு, முகம் ஒரு பக்கம் கோணுவது, கழுத்து விறைத்துக் கடும் தலைவலி, இவற்றில் ஒன்று வந்தாலும் அர்ஜன்ட் கேர் இல்லை, நேராக எமர்ஜென்சி.

ஜூன் 8, 2024, இரவு 10.50 · உண்ணிக்குறிப்பு

விட்டுப்போனது. நம் தோல் நிறம். புத்தகங்களில் இருக்கும் சிவப்பு வளையம், நடுவில் புள்ளி, அதைச் சுற்றி வெள்ளை, எல்லாம் வெளுத்த தோலில் எடுத்த படங்கள். வெளுத்த தோலிலேயே பலருக்கு வளையம் வராது, ஒரே சீரான திட்டாகத்தான் இருக்கும். மாநிறத்திலும் கறுப்பிலும் அது ஊதா கலந்த பழுப்பாக, அடிபட்டுக் கன்றியதுபோலத் தெரியும். ‘பூச்சிக்கடி’, ‘படர்தாமரை’ என்று ஒதுக்கிவிடுவது இதனால்தான். பூச்சிக்கடி அலர்ஜி கடித்த ஓரிரு நாளில் வந்து அரித்து அடங்கிவிடும். படர்தாமரை அரிக்கும், ஓரம் செதில் செதிலாக இருக்கும், விரிய வாரக்கணக்காகும். இது அரிப்பதும் அபூர்வம், செதிலும் இருக்காது. தொட்டால் கொஞ்சம் சூடாக இருக்கலாம்.

ஜூன் 9, 2024, காலை 8.10 · மாத்திரைப்பெட்டி

லைமுக்கான ஆன்டிபயாட்டிக் டாக்ஸிசைக்ளின் (சுருக்கமாக டாக்ஸி) எழுதினால் பார்க்க வேண்டியவை. 100 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, 10 நாள். மொத்தம் 20 மாத்திரை. சீட்டில் வேறு கணக்கு இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஹைக்ளேட், மோனோஹைட்ரேட் என்று இரண்டு வகை வரும். வேலை ஒன்றுதான், விலை மட்டும் கடைக்குக் கடை மாறும், மலிவானது போதும்.

ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும். ராத்திரி மாத்திரையைப் படுக்கப்போகும் நேரத்தில் ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வயதானவர்களிடம் அதிகம் நடக்கும் தப்பு இதுதான். வெறும் வயிற்றில் குமட்டும், இரண்டு இட்லிக்குப் பிறகு சரி. பால் காப்பியும் தயிரும் மருந்தைக் கொஞ்சம் குறைக்கும். நிஜமான வில்லன் கால்சியம் மாத்திரை, இரும்பு மாத்திரை, ஆன்டாசிட் மூன்றும்தான். இரண்டு மூன்று மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். வெயிலில் தோல் சீக்கிரம் வேகும். தோட்டத்து வேலைக்குப் பத்து நாள் லீவு. வார்ஃபரின் எடுப்பவரானால் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், ரத்தம் உறையும் கணக்கு மாறும்.

டாக்ஸி ஒத்துக்கொள்ளாதவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அமாக்ஸிசிலின் 500 மி.கி. தினம் மூன்று வேளை, 14 நாள். செஃப்யூராக்ஸிம் 500 மி.கி. இரண்டு வேளை, 14 நாளும் சரி. எட்டு வயதுக்குக் கீழே டாக்ஸி கூடாது, பல் கறையாகும் என்பது பழைய டெட்ராசைக்ளின் பயம். 21 நாள் வரை எந்த வயதுக்கும் தரலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கமே சொல்லிவிட்டது.

ஜூன் 9, 2024, காலை 11.30 · ரசீதுப்புலி

அப்பாவுடையது விசிட்டர் இன்ஷூரன்ஸாகத்தான் இருக்கும். அதில் இரண்டு ரகம். ‘ஃபிக்ஸட்’ என்றால் ஒரு சந்திப்புக்கு இவ்வளவு என்று ஒரு தொகை கொடுத்துவிட்டு மீதியை உங்கள் தலையில் கட்டும். ‘காம்ப்ரிஹென்ஸிவ்’ என்றால் டிடக்டிபிள் (முதலில் நீங்களே கட்ட வேண்டிய தொகை) கழித்து விகிதப்படி தரும். கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து நெட்வொர்க்கில் உள்ள, அதாவது கம்பெனியோடு ஒப்பந்தமுள்ள, அர்ஜன்ட் கேரைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பில்லில் எந்த நோய்க்குறியீடு போட்டிருக்கிறது என்று பாருங்கள். லைமுக்கு ஏ69.20. வெறும் பூச்சிக்கடிக் குறியீடு மட்டும் இருந்தால், பின்னால் மூட்டோ முகமோ பாதிக்கும்போது “முதலில் லைம் என்று யாரும் சொல்லவில்லையே” என்று வாதம் வரும்.

ஜூன் 9, 2024, இரவு 9.15 · எடிசன்வாசி

வேறு அர்ஜன்ட் கேரில் தடிப்பைப் பார்த்ததுமே லைம் என்று சொல்லி டாக்ஸி 10 நாள் எழுதிவிட்டார்கள். மதியம் முதல் மாத்திரை. இப்போது காய்ச்சல் 102-க்கு ஏறி, குளிர்கிறது. அலர்ஜியா?

ஜூன் 9, 2024, இரவு 9.30 · மாத்திரைப்பெட்டி

உடம்பெல்லாம் தடித்து அரிப்பது, உதடு வீங்குவது, மூச்சுத் திணறல் இருந்தால் அலர்ஜி, 911. இவை இல்லாமல் முதல் 24 மணி நேரத்தில் காய்ச்சலும் குளிரும் தசைவலியும் ஏறினால் அது யாரிஷ்-ஹெர்க்ஸைமர் எதிர்வினை. கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது வருவது. சிறுபான்மையினருக்குத்தான் வரும், ஒரு நாளில் தணியும். அசெட்டமினோஃபென், தண்ணீர், ஓய்வு. டாக்ஸியை நிறுத்த வேண்டாம். காலையில் கிளினிக்குக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள்.

ஜூன் 10, 2024, காலை 7.00 · உண்ணிக்குறிப்பு

மேலே சொன்னதோடு ஒன்று. இரண்டு நாள் மருந்துக்குப் பிறகும் காய்ச்சல் விடாவிட்டால் ‘ஹெர்க்ஸ்’ என்று சொல்லி உட்கார்ந்திருக்கக் கூடாது. அதே உண்ணி வேறு கிருமியையும் சேர்த்து இறக்கியிருக்கலாம். முழு ரத்த எண்ணிக்கையும் கல்லீரல் நொதிகளும் கேளுங்கள். வெள்ளணுவும் பிளேட்லெட்டும் குறைந்து கல்லீரல் நொதி ஏறியிருந்தால் அனாபிளாஸ்மா. லைம் தனியாகப் பிளேட்லெட்டைக் குறைக்காது. அனாபிளாஸ்மாவுக்கும் டாக்ஸிதான், ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்காமல் சிவப்பணுவும் உடைந்து ரத்தசோகை தெரிந்தால் பபீசியா. அதற்கு டாக்ஸி கேட்காது. அட்டோவாகோனும் அஸித்ரோமைசினும் சேர்த்துத் தர வேண்டும்.

பபீசியாவில் நம் ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. சிவப்பணுவுக்குள் அது மலேரியாபோலவே வளையமாகத் தெரியும். இந்தியாவிலிருந்து வந்தவர் என்றதும் மலேரியா என்று முடிவு கட்டிவிட இடமுண்டு. ஊரிலிருந்து வந்து எத்தனை வாரம், இங்கே எந்தப் புல்வெளியில் நடந்தார், இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஜூன் 11, 2024, இரவு 10.00 · உண்ணிக்குறிப்பு

கேள்விக்கு வருகிறேன். லைமுக்கு அமெரிக்காவில் போர்டு சான்றிதழ், அதாவது ஸ்பெஷலிஸ்ட் என்று அங்கீகரிக்கும் சான்றிதழ், கிடையாது. ஏபிஎம்எஸ் என்ற அமைப்பின்கீழ் 24 போர்டுகள் இருக்கின்றன, அவற்றில் லைம் போர்டு என்று ஒன்றுமில்லை. ‘லைம் லிட்டரேட்’ என்பது பட்டமில்லை, அவரவர் போட்டுக்கொள்வது. ஆகவே “லைம் டாக்டர் யார்?” என்று கேட்டால் பதில் வராது. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்த உறுப்பில் இருக்கிறது என்று கேட்டால் பதில் வரும்.

தடிப்பு மட்டும்: உண்ணி நிறைந்த வட்டாரத்துக் குடும்ப டாக்டர். ஹண்டர்டன், சஸ்ஸெக்ஸ், வாரன், மோரிஸ் கவுண்டிகளில் ஜூன், ஜூலையில் வாரந்தோறும் இதைப் பார்க்கிறவர்கள். மன்ஹாட்டன் நடுவில் பெரிய பெயரெடுத்த டாக்டரைவிட ஃபிளெமிங்டனில் இருபது வருஷம் உட்கார்ந்திருக்கும், மருந்து எழுதும் தகுதியுள்ள நர்ஸான நர்ஸ் பிராக்டிஷனர் இதற்கு மேல்.

முகவாதம்: உண்ணிக் காலத்தில் முகம் கோணினால், அதுவும் இரண்டு பக்கமும் கோணினால், முதல் சந்தேகம் லைம்தான். டாக்ஸி 14 முதல் 21 நாள். காரணம் தெரியாமல் வரும் சாதாரண முகவாதமான பெல்ஸ் பால்சிக்கு உடனே ஸ்டீராய்டு தருவது வழக்கம். லைமில் அதனால் பலன் என்று நிரூபணமில்லை. ஆகவே “உண்ணி உள்ள இடத்தில் இருந்தேன்” என்று நரம்பியல் டாக்டரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். கண் மூடவில்லையானால் பகலில் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் ஒட்ட வேண்டும். முகம் சரியாகிவிடும், காய்ந்துபோன கருவிழிதான் பிரச்சினை.

இதயம்: தேடல் கிடையாது, எமர்ஜென்சியும் இசிஜியும்தான். இசிஜியில் பிஆர் இடைவெளி (இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போகும் நேரம்) 300 மில்லிசெகண்டுக்கு மேல் போனால் படுக்கையில் சேர்த்து, மானிட்டர் போட்டு, ரத்தக்குழாய் வழியே செஃப்ட்ரையாக்ஸோன் என்ற ஆன்டிபயாட்டிக். பேஸ்மேக்கர் வைத்தாலும் பெரும்பாலும் தற்காலிகமானதே போதும். நிரந்தரமானதை அவசரப்பட்டு வைக்கச் சொன்னால் “லைம் பார்த்தாயிற்றா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

முழங்கால்: மாதங்கள் கழித்து வருவது. மூட்டுநோய் டாக்டரான ரூமட்டாலஜிஸ்ட். தனியாக எழுதுகிறேன்.

தொற்றுநோய் நிபுணரிடம் எப்போது போவது? மருந்து முடித்தும் சரியாகாதபோது, இரண்டு கிருமி சேர்ந்திருக்கும்போது, ரத்தக்குழாய் வழி மருந்து வேண்டியபோது. பல தொற்றுநோய்க் கிளினிக்குகள் நேரடியாக நேரம் தராது, குடும்ப டாக்டரின் ரெஃபரல் கடிதமும் பரிசோதனைத் தாளும் கேட்கும். “களைப்பு, லைமா என்று பார்க்கவும்” என்று எழுதிய கடிதம் வரிசையின் அடியில் கிடக்கும். “தேதி இன்னது, தடிப்பு இன்ன அளவு, மருந்து இத்தனை நாள், இப்போது வலது முழங்கால் வீக்கம்” என்று எழுதியது மேலே வரும்.

ஜூன் 12, 2024, காலை 6.45 · ரசீதுப்புலி

நேற்றைய குறிப்பில் ‘மன்ஹாட்டன் பெரிய டாக்டரைவிட’ என்பதற்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கைதட்டும். எச்எம்ஓ (குடும்ப டாக்டர் வழியாகவே போக வேண்டிய இன்ஷூரன்ஸ்) வைத்திருப்பவர்கள் கவனிக்க: ரெஃபரல் இல்லாமல் ஸ்பெஷலிஸ்டிடம் போனால் முழுப் பில்லும் உங்களுடையது. பிபிஓ என்ற இன்னொரு ரகத்தில் ரெஃபரல் வேண்டாம், ஆனால் அந்த டாக்டர் இன்றைய தேதியில் நெட்வொர்க்கில் இருக்கிறாரா என்று கிளினிக்கிலும் கம்பெனியிலும் இரண்டு பக்கமும் கேளுங்கள். கம்பெனி வலைத்தளப் பட்டியலில் ஊரை விட்டே போன டாக்டர்கள் இன்னும் இருப்பார்கள்.

ஜூன் 14, 2024, இரவு 11.20 · உண்ணிக்குறிப்பு

இன்ஷூரன்ஸ் எடுக்காத ‘லைம் லிட்டரேட்’ காசு டாக்டர்கள். இது கொஞ்சம் நீளும்.

ஏன் இரண்டு முகாம்? நோய்க்கு இந்தப் பெயர் கனெக்டிகட்டின் லைம் ஊரிலிருந்து வந்தது. 1975-இல் அந்த வட்டாரத்துக் குழந்தைகள் பலருக்கு ஒரே சமயத்தில் மூட்டுவீக்கம் வந்ததை யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டியர் ஆராய்ந்தார். வில்லி பர்க்டார்ஃபர் 1981-இல் உண்ணிக்குள் சுருள்கிருமியைக் கண்டார். பொரீலியா பர்க்டார்ஃபெரி என்று அவர் பெயரே அதற்கு வைத்தார்கள். மருந்து முடித்த பிறகும் சிலருக்குக் களைப்பும் வலியும் தொடர்வதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் பிளவு. தொற்றுநோய்ச் சங்கமான ஐடிஎஸ்ஏ, கிருமி போய்விட்டது, விளைவுகள் தொடர்கின்றன என்கிறது. 1999-இல் தொடங்கிய இலாட்ஸ் என்ற சங்கம் கிருமி ஒளிந்திருக்கிறது, மருந்தை நீட்டு என்கிறது. ஐடிஎஸ்ஏவின் 2006 வழிகாட்டி மேல் அப்போதைய கனெக்டிகட் அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் புளூமென்தால் விசாரணையே நடத்தினார். 2008-இல் சமரசமாகி, தனிக்குழு ஒன்று திரும்பப் படித்துப் பார்த்து, 2010-இல் பரிந்துரைகள் எல்லாம் சரிதான் என்றது. சண்டை அதோடு நிற்கவில்லை.

பரிசோதனை முடிவுகள் என்ன? 2001-இல் வெளிவந்த ஆய்வில் ஒரு மாதம் செஃப்ட்ரையாக்ஸோன், பிறகு இரண்டு மாதம் டாக்ஸி. ஒப்பீட்டுக்குத் தந்த, மருந்தே இல்லாத போலிக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. 2016-இல் நெதர்லாந்தில் எல்லாருக்கும் முதலில் இரண்டு வாரம் செஃப்ட்ரையாக்ஸோன் தந்துவிட்டு, பிறகு சிலருக்கு மட்டும் 12 வாரம் மாத்திரை தந்தார்கள். அதிலும் கூடுதல் பலன் இல்லை. 2003 ஆய்வொன்றில் களைப்பு மட்டும் ஓரளவு குறைந்தது, ஆனால் ரத்தக்குழாயில் வைத்த குழாயால் தொற்று வந்தது. அந்தக் குழாய்தான் அபாயம். மாதக்கணக்கில் பிக் லைன் என்ற அந்தவகைக் குழாய் வைத்து ரத்தத்தில் கிருமி ஏறியவர்களைப் பற்றி அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2017-இல் எச்சரிக்கையே வெளியிட்டது. செஃப்ட்ரையாக்ஸோன் நாள்பட்டால் பித்தப்பையில் கல் வைக்கும். எந்த ஆன்டிபயாட்டிக்கும் நீண்டால் சி.டிஃப் என்ற குடல் கிருமியால் வயிற்றுப்போக்கு வரலாம், வயதானவரைச் சாய்த்துவிடும்.

இலாட்ஸ் உறுப்பினர் எல்லாரும் மோசடிக்காரர் என்று சொல்ல மாட்டேன். பொறுமையாக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், பத்து நிமிஷத்தில் “மனக்கவலை” என்று எழுதித் தள்ளும் டாக்டர்கள்தான் நோயாளிகளை அங்கே அனுப்பிவைக்கிறார்கள். ஆனால் இவற்றில் இரண்டு சேர்ந்து தென்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்: உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் கேள்வித்தாளை வைத்தே லைம் என்பது, ஒரே ஒரு தனி லேபுக்கு மட்டும் ரத்தம் அனுப்புவது, நெகட்டிவ் வந்தால் “அதனால்தான் லைம்” என்பது, மருந்தை எப்போது நிறுத்துவோம் என்பதற்குப் பதில் இல்லாதது, சத்து மாத்திரைகளைத் தன் கவுண்டரிலேயே விற்பது, மோசமாகிற ஒவ்வொரு நாளையும் ‘ஹெர்க்ஸ்’ என்று கொண்டாடுவது.

ஜூன் 14, 2024, இரவு 11.45 · உண்ணிக்குறிப்பு

போனிலேயே கேட்டுவிடக் கூடியவை. தடிப்பு இருந்தால் ரத்தம் எடுக்காமலே மருந்து தொடங்குவீர்களா? (ஆம் என்று வர வேண்டும்.) எந்தப் பரிசோதனை எழுதுவீர்கள்? (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதல் பெற்ற இரண்டு படிப் பரிசோதனை, சாதாரண லேபில்.) முதல் கட்டத்துக்கு எத்தனை நாள் மருந்து? (10 முதல் 14.) முதல் சந்திப்புக்கு எவ்வளவு, பரிசோதனைக்குத் தனியா? சிறுநீரில் லைம் பார்ப்பது, சிடி57 எண்ணிக்கை, உயிருள்ள ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் காட்டுவது என்று பேச்சு வந்தால் போனை வைத்துவிடலாம்.

பேரைச் சரிபார்க்க இரண்டு இடம் போதும். போர்டு சான்றிதழுக்கு ஏபிஎம்எஸ் நடத்தும் ‘சர்டிஃபிகேஷன் மேட்டர்ஸ்’ தளம். உரிமமும் ஒழுங்கு நடவடிக்கைகளும் மாநில மருத்துவ போர்டின் தேடல் பக்கத்தில் இருக்கும். ஐந்து நட்சத்திர விமர்சனங்களைவிட அந்தப் பக்கம் பேசும்.

ஜூன் 15, 2024, காலை 9.05 · ரசீதுப்புலி

காசு டாக்டரிடம்தான் போவேன் என்பவர்களுக்கு: 2022 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, இன்ஷூரன்ஸ் இல்லாமல் பணம் கட்டுகிறவர்களுக்கு முன்கூட்டியே எழுத்தில் உத்தேசச் செலவு தர வேண்டும். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் 120 நாளுக்குள் முறையிடலாம். வாய்வார்த்தை செல்லாது, தாளைக் கேட்டு வாங்குங்கள். ‘சூப்பர்பில்’ (குறியீடுகளோடு விவரமான ரசீது) கேளுங்கள், பிபிஓவில் வெளி நெட்வொர்க் சலுகை இருந்தால் கொஞ்சம் திரும்பும். அந்த டாக்டர் எழுதும் தனி லேபுக்கு வேறு பில் வரும், அதுவும் நெட்வொர்க்குக்கு வெளியே.

ஜூன் 16, 2024 · டல்லாஸ்கேள்வி

எட்டு மாதமாகக் களைப்பு, மூட்டுவலி. வெஸ்டர்ன் பிளாட்டில் ஐஜிஎம் பாஸிட்டிவ், ஐஜிஜி நெகட்டிவ். இங்கே டாக்டர்களுக்கு லைம் தெரியவில்லை. நியூ ஜெர்சிக்குப் பறந்து வரலாமா?

ஜூன் 16, 2024, இரவு 10.30 · உண்ணிக்குறிப்பு

டிக்கெட் போடும் முன் தாளைப் படிப்போம். இரண்டும் எதிர்ப்பொருள் வகைகள், ஐஜிஎம் முதலில் எழும், ஐஜிஜி பின்னால் எழும். வெஸ்டர்ன் பிளாட் அவற்றைப் பட்டைகளாகக் காட்டும். ஐஜிஎம்முக்கு மூன்று பட்டைகளில் இரண்டு, ஐஜிஜிக்குப் பத்தில் ஐந்து தெரிந்தால்தான் பாஸிட்டிவ். நோய் தொடங்கி 30 நாளுக்குப் பிறகு ஐஜிஎம் மட்டும் பாஸிட்டிவாக இருந்தால் அதை எண்ணக் கூடாது. எட்டு மாதத்து லைம் என்றால் ஐஜிஜி நிறையப் பட்டைகளோடு நிமிர்ந்து நிற்கும். 41-ஆம் பட்டை ஆரோக்கியமான பலரிடமும் தெரிவது, அது கிருமியின் சவுக்கிழைப் புரதம். வேறு சாதாரண பாக்டீரியாக்களுக்கும் அதேபோல் ஒன்று உண்டு. முதல் படிப் பரிசோதனை எடுக்காமல் நேராக வெஸ்டர்ன் பிளாட் எடுத்தால் இந்த வம்பு இன்னும் கூடும். 2019 முதல் இரண்டாவது படியிலும் பிளாட்டுக்குப் பதில் ஈஐஏ என்ற எதிர்ப்பொருள் பரிசோதனையை இன்னொரு முறை வைக்கும் முறைக்கு எஃப்டிஏ ஒப்புதல் இருக்கிறது. அதில் பட்டை எண்ணும் சோலியே இல்லை.

அடுத்தது, எங்கே கடி வாங்கினீர்கள்? டெக்சாஸில் லைம் அபூர்வம். நோய் தொடங்குவதற்கு முந்தைய மாதம் போகனோஸ், கேட்ஸ்கில்ஸ், கேப் காட், விஸ்கான்சின் பக்கம் முகாம் போட்டிருந்தால் கதை வேறு. போகவில்லையானால் பி12, தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் டி, சர்க்கரை, தூக்கத்தில் மூச்சடைப்பு, ரூமட்டாய்டு, லூபஸ் எல்லாவற்றையும் உள்ளூர் பொது மருத்துவரிடமே (இன்டர்னிஸ்ட்) பாருங்கள். சைவச் சாப்பாட்டுக்காரர்களின் பி12 குறைவு கைகால் மரத்துப்போவது, களைப்பு, மறதி மூன்றையும் கொண்டுவரும். லைம் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டுக் கடைசியில் பி12 ஊசியில் வந்து நிற்கலாம்.

ஜூன் 17, 2024 · உண்ணிக்குறிப்பு

திருத்தம்: மேலே ‘போகனோஸ்’ என்று விழுந்திருக்கிறது. போகோனோஸ், பென்சில்வேனியா மலை.

ஜூன் 19, 2024, இரவு 8.50 · எடிசன்வாசி

அப்பாவுக்குக் காய்ச்சல் மறுநாளே விட்டது. தடிப்பு மங்கிவிட்டது, இன்றோடு மாத்திரை முடிந்தது. குணமானதற்கு ரத்தப் பரிசோதனை எடுக்கணுமா? அவர் தன்மேல் உண்ணியையே பார்க்கவில்லை என்கிறார். ஊரில் மாட்டு உண்ணி பார்த்தவர், தெரியாமல் போகுமா?

ஜூன் 19, 2024, இரவு 9.40 · உண்ணிக்குறிப்பு

எடுக்க வேண்டாம். எதிர்ப்பொருள் வருஷக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். குணமானதைக் காட்டும் பரிசோதனை கிடையாது. பாஸிட்டிவ் வந்தால் வீண் பீதி, அதை வைத்து இன்னொரு சுற்று மருந்து.

மாட்டு உண்ணியை வைத்துத் தேடினால் கிடைக்காது. இது கருங்கால் உண்ணி, மே முதல் ஜூலை வரை கடிப்பது அதன் இளம்பருவம், எள் அளவு. கடித்தால் வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு, முழங்கால் பின்புறம், காது மடலுக்குப் பின், தலைமுடி எல்லாம் பார்க்க வேண்டும்.

ஜூன் 20, 2024, காலை 7.30 · மாத்திரைப்பெட்டி

எள் இல்லை, கசகசா. எள் வளர்ந்த உண்ணியின் அளவு. குருமாவுக்கு கசகசா அரைப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும். எள்ளைத் தேடினால் கசகசா தப்பிவிடும்.

ஜூன் 20, 2024, காலை 8.00 · உண்ணிக்குறிப்பு

சரி, கசகசா.

உண்ணியை எடுக்கும் முறையும் சொல்லிவிடுகிறேன், ஊர் வைத்தியம் இங்கேயும் வந்துவிடுகிறது. மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், நெய்ல் பாலிஷ், தீக்குச்சிச் சூடு எதுவும் வேண்டாம். அட்டைக்குப் போடும் உப்பும் வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டி, தலையருகே பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். வாய்ப்பகுதி ஒடிந்து தங்கினால் எளிதாக வந்தால் எடுக்கலாம், இல்லையானால் விட்டுவிடலாம், தோலே தள்ளிவிடும். நசுக்காமல் ஸிப் பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் ‘டிக்ஸ்பாட்டர்ஸ்’ சேவைக்குப் படம் அனுப்பினால் எந்த உண்ணி என்று சொல்வார்கள். உண்ணியையே லேபுக்கு அனுப்பிக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதை நம்பி மருந்தை முடிவு செய்யக் கூடாது. அதில் கிருமி இருந்தாலும் உங்களுக்குள் இறங்கியிருக்க வேண்டியதில்லை.

கடித்ததும் தடுப்பு மாத்திரை உண்டு: டாக்ஸி 200 மி.கி. ஒரே வேளை. கருங்கால் உண்ணிதான் என்று தெரிய வேண்டும், லைம் பரவலாக உள்ள இடமாக இருக்க வேண்டும், 36 மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும், எடுத்து 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான். சட்டைமேல் ஊர்ந்ததற்கெல்லாம் கிடையாது.

ஜூன் 27, 2024, இரவு 9.10 · உண்ணிக்குறிப்பு

முழங்கால் பற்றித் தனியாக எழுதுகிறேன் என்றேன். லைம் முழங்கால் பந்துபோல் வீங்கும், வீக்கத்துக்கேற்ற வலி இருக்காது. அறுபது வயதுக்காரர் என்றால் தேய்மானம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஐஜிஜி ஓங்கி நிற்கும். மூட்டு நீரை எடுத்து பிசிஆர் பார்க்கலாம். டாக்ஸி 28 நாள். ஓரளவு குறைந்து நின்றால் இன்னொரு 28 நாள். கொஞ்சமும் அசையவில்லையானால் செஃப்ட்ரையாக்ஸோன் தினம் 2 கிராம், இரண்டு முதல் நாலு வாரம். அதற்குப் பிறகும் வீங்கினால் கிருமி அல்ல, நோயெதிர்ப்பின் கோபம் என்று எடுத்துக்கொண்டு ரூமட்டாலஜிஸ்ட் வேறு வகை மருந்துக்கு மாறுவார். இந்தக் கணக்கு தெரிந்தவரா என்பதுதான் ரூமட்டாலஜிஸ்டிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி.

மருந்து முடிந்து ஆறு மாதம் கழித்தும் களைப்பு, வலி, மூளை மந்தம் போகாதவர்களுக்குப் பல்கலைக்கழக மையங்கள் இருக்கின்றன. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் லைம் ஆய்வு மையம், நியூயார்க்கில் கொலம்பியாவின் லைம் மையம், பாஸ்டன் சார்ல்ஸ்டவுனில் டீன் சென்டர். இங்கே ஆன்டிபயாட்டிக் மழை பொழிய மாட்டார்கள். தூக்கம், வலி, படிப்படியான உடற்பயிற்சி, மனச்சோர்வு எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். காத்திருப்பு நீளம், ரத்து ஆகும் இடங்களுக்கான பட்டியலில் பெயர் போடச் சொல்லுங்கள்.

ஜூலை 6, 2024 · எடிசன்வாசி

அப்பா ஆகஸ்டில் மதுரை திரும்புகிறார். அங்கே என்ன சொல்லி வைக்கணும்?

ஜூலை 6, 2024, இரவு 10.15 · மாத்திரைப்பெட்டி

ஒரு விஷயம் முக்கியம். ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று சொல்லிவிட வேண்டாம். ஊரில் அந்தப் பெயர் ஸ்க்ரப் டைபஸுக்கு. அது வேறு கிருமி, கடிப்பதும் உண்ணி இல்லை, கண்ணுக்கே தெரியாத சிறு பூச்சியின் இளம்பருவம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு இருக்கும். வேடிக்கை, மருந்து இரண்டுக்கும் டாக்ஸிதான். ஆனால் நாள் கணக்கும் பரிசோதனையும் வேறு. தமிழ்நாட்டு டாக்டர் லைமை அனேகமாகப் பார்த்திருக்க மாட்டார். அது அவர் குறையில்லை, அங்கே அந்த உண்ணி இல்லை.

கையில் கொடுத்தனுப்ப வேண்டியது ஒரே தாள்: “லைம் நோய், பொரீலியா பர்க்டார்ஃபெரி, நியூ ஜெர்சி, தடிப்பு ஜூன் 3, டாக்ஸி 100 மி.கி. இரண்டு வேளை, ஜூன் 9 முதல் 19 வரை.” தடிப்பின் படம் இரண்டு. ஜூன் 8-க்கு முந்தைய நெகட்டிவ் தாளையும் கூடவே வையுங்கள், அதன் அருகில் ‘தடிப்பு இருந்த வாரத்தில் எடுத்தது’ என்று எழுதி. அடுத்த சில மாதத்தில் முழங்கால் வீங்கினாலோ முகம் கோணினாலோ மயக்கம் வந்தாலோ இந்தத் தாளைக் காட்டட்டும்.

செப்டம்பர் 29, 2024 · உண்ணிக்குறிப்பு

இழையைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஜூன் காய்ச்சல் முடிந்தது என்று இருக்க வேண்டாம். அக்டோபர், நவம்பரில் வளர்ந்த உண்ணி கிளம்பும். இலை வாரிவிட்டு உள்ளே வந்ததும் துணியைத் துவைக்கும் முன்பே டிரையரில் அதிகச் சூட்டில் 10 நிமிஷம் போடுங்கள். தண்ணீரில் பிழைப்பது உலர்ந்த சூட்டில் சாகும். தேட வேண்டியது இப்போது எள்.